தாளைப் பார்க்காத டிராயிங் மாஸ்டர்

என் தங்கை ஷீஜாவின் கணவர் ஜெபஸ்டினுக்குப் படம் வரையத் தெரியாது. இதைச் சங்கரன்கோவிலில் வெளியே சொன்னால் எவனும் நம்பமாட்டான். ஏனென்றால் அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஓய்வுபெறுகிற தலைமையாசிரியருக்குக் கொடுக்கிற படம், மாற்றலாகிப் போகிற போதகருக்குச் சபையார் கொடுக்கிற படம் எல்லாம் அவர் கைவண்ணம்தான். ஊரே மெச்சுகிறது. நான் மெச்சியதில்லை. கழுகுமலை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஒரு சுவருக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். கண் இருக்கிறவன் யார், இல்லாதவன் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஜெபஸ்டினுக்குக் கண் கிடையாது.

அவர் வரைகிற லட்சணத்தைக் கேளுங்கள். போட்டோவின் மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். பெரிய சார்ட்டிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போடுவார். பிறகு போட்டோவின் மூன்றாவது வரிசை நாலாவது கட்டத்தில் என்ன கோடு இருக்கிறதோ, அதைச் சார்ட்டின் மூன்றாவது வரிசை நாலாவது கட்டத்தில் இழுப்பார். அது மூக்கா, காதா, சட்டைக் காலரா என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை ஒரு போதகரின் படத்தில் ஒரு வரிசையை எண்ணாமல் விட்டுவிட்டார். போதகருக்குக் கழுத்தே இல்லாமல் போயிற்று. தாடைக்குக் கீழே நேராக வெள்ளை அங்கி. அந்த நல்ல மனுஷன் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். நானாக இருந்தால் அதை அங்கேயே கிழித்திருப்பேன்.

இந்த லட்சணத்தில் டிராயிங் மாஸ்டர் வேலைக்கான ஹையர் கிரேடு பரீட்சையில் எப்படித் தேறினார்? அதையும் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். மாடல் டிராயிங் என்று ஒரு தாள் உண்டு. எதிரே ஒரு பொருளை வைப்பார்கள், அதைப் பார்த்து வரைய வேண்டும். இவர் இரண்டு தடவை பெயில். எப்படியும் வாளிதான் வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் தடவை, புத்தகத்தில் இருந்த வாளியை நூறு முறை வரைந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். வாளியே வந்தது.

"எதிர்ல இருந்த வாளியைப் பாத்தேனான்னே எனக்கு ஞாபகம் இல்ல மச்சான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காட்டு ஊரில் சபையைக் கவனிக்கிற ஒரு உபதேசியாரின் மகன். பெண் பார்க்க வரும்போது எங்கள் அப்பாவின் போட்டோவை யாரிடமோ வாங்கி, கட்டம் போட்டு வரைந்து, சட்டம் அடித்துக் கொண்டுவந்தார். அப்பா அங்கேயே கவிழ்ந்துவிட்டார். "பையன் கையில வித்தை இருக்குலே" என்றார். "வித்தை இல்லப்பா, கட்டம்" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகிறது. நான் என்ன ஏசினாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஷீஜா தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். நாள் பூராவும் கவுண்ட்டரில் உட்காருவாள். இந்த வருஷம் ஜூன் மாதம் அவளுடைய வலது காதுக்குக் கீழே ஒரு வீக்கம் தெரிந்தது. பல்வலியாக இருக்கும் என்று பத்து நாள் ஓட்டினாள். பிறகு திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்றார் டாக்டர். அப்பாடா என்று நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"முகத்தை அசைக்கிற நரம்பு இந்தக் கட்டிக்குள்ள கூடித்தான் போகுது. நரம்பைக் காப்பாத்தத்தான் பார்ப்போம். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் ஒரு பக்கமா இழுத்துக்கிட வாய்ப்பு இருக்கு. சரியாகலாம். ஆகாமலும் போகலாம். மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இருபத்து நாலு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஷீஜா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு முன்ன என்னை ஒரு படம் வரைஞ்சு தாரீங்களா?"

இவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"போட்டோ வேண்டாம்" என்றாள் ஷீஜா. "கட்டமும் வேண்டாம். என்னைப் பாத்து வரைங்க. பத்தொம்பது வருஷத்துல என் மூஞ்சியைச் சேந்தாப்ல அஞ்சு நிமிஷம் பாத்திருப்பீங்களா? நல்லா இருக்கையிலேயே பாக்காதவரு, கோணிப்போனா பாக்கப் போறீங்களா? எனக்கு ஆபரேஷன் பயமெல்லாம் இல்ல. இந்தப் பயம்தான்."

சரியான கேள்வி. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்ததைத் தங்கை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். மாஸ்டர் செல்போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். காபியில் ஆடை கட்டிவிட்டது, அதைக் குடிக்கவில்லை.

மறுநாளே அவளை எதிரே உட்காரவைத்து ஆரம்பித்தார். வேர்த்து வழிகிறது, ரப்பரால் அழித்து அழித்துத் தாள் நைந்து போகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அந்த முகத்தில் ஷீஜாவைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். தலைமையாசிரியரின் மூக்கு, போதகரின் உதடு, காலண்டர் பொம்பளையின் கண். மனப்பாடம் பண்ணியதெல்லாம் கையில் வந்து நிற்கிறது. "வாளியைப் போடும் வே, அது நல்லா வரும்" என்றேன். ஷீஜா தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் ஷாஹின் பானுவைப் பிடித்தார். மேலப்பாளையத்துப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு செல்போன் வழியாக வகுப்பு எடுக்கிறாள். இவருக்கு நாற்பத்தேழு வயசு, அவளுக்கு இருபத்தைந்து இருக்கும். இருபத்திரண்டு வருஷ டிராயிங் மாஸ்டர் அந்தப் பிள்ளையிடம் "எனக்குப் பாத்து வரையத் தெரியாது மேடம்" என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறார். மானம் ரோஷம் உள்ளவன் செய்கிற காரியமா? முதல் நாள் அவள் ஒரு பயிற்சி கொடுத்தாள். பிளைண்ட் காண்டூர் என்று பெயராம். வகுப்பில் பாதியில் இவர் போனுக்கு சிக்னல் போய்விட்டது. பிளைண்ட் என்ற சொல் மட்டும் காதில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. முன்ரூமில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கண் மூடியிருக்கிறது. குடும்ப ஜெபம் நடக்கிறது என்று நினைத்தேன். ஆபரேஷன் வருகிறதே, ஜெபிக்கத்தானே வேண்டும்? செருப்பைக் கழற்றினேன், தலையைக் குனிந்து நானும் கண்ணை மூடிக்கொண்டு வாசலருகே நின்றேன். நெஞ்சு கொஞ்சம் இளகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சியைக் காப்பாத்தும் ஆண்டவரே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஜெபம் முடிகிற வழியைக் காணோம். கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அந்த ஆள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மடியில் அட்டையை வைத்துப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்!

"ஓய், ஆமென் எப்ப வே சொல்லுவீரு?" என்று கத்தினேன்.

ஷீஜா திடுக்கிட்டுக் கண் திறந்தாள். "ஜெபம் இல்லியா இது?" என்றாள். "இவரு கண்ணை மூடினாரு, நானும் மூடினேன். இன்னும் ஆரம்பிக்கலியேன்னு காத்திட்டிருக்கேன்."

"மேடம் பிளைண்டுன்னு சொன்னாங்க" என்றார் மாஸ்டர். "கண்ணைக் கட்டணுமா மூடினாப் போதுமான்னு தெரியல. மூடிக்கிட்டேன்."

அன்றைக்குக் கடையில் வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். பெயிண்ட் வாங்க வந்த கொத்தனார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணும் போனில் சிரித்திருக்கிறாள். "சார், கண்ணை யாரு மூடச் சொன்னது? கண்ணை நல்லாத் தொறந்து அவங்களைப் பாருங்க. தாளைத்தான் பாக்கக் கூடாது. கண்ணு எவ்வளவு மெதுவாப் போகுதோ கையும் அவ்வளவு மெதுவாப் போகணும். கண்ணு நின்னா கையும் நிக்கணும். படம் எப்படி வருதுன்னு கவலைப்படாதீங்க. அது கோணலாத்தான் வரும். பாக்கதுக்குத்தான் இந்தப் பயிற்சி, படத்துக்கு இல்ல."

ஆனால் இவருக்குத் தாளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண் தன்னால் கீழே இறங்கிவிடுகிறது. கட்டம் தேடுகிற கண் அல்லவா? கடைசியில் மேஜையில் கிடந்த ஒரு கல்யாணக் கார்டை எடுத்து நடுவில் ஓட்டை போட்டு, பென்சிலை அதற்குள் செருகினார். கார்டு கையை மறைத்துக்கொண்டது. மேலே வேத வசனம், மணமக்கள் பெயர், விருந்து நடக்கும் இடம். கீழே இவர் பென்சில். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரைமணி நேரம் அந்தக் கார்டோடு உட்காருவார்.

வந்த படங்களைப் பார்க்க வேண்டுமே! ஒரு கண் நெற்றியில், இன்னொன்று கன்னத்தில். மூக்கு தனியே புறப்பட்டுத் தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. தாடைக்கோடு தாளைத் தாண்டி மேஜையில் ஓடியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இதைக் கொண்டுபோனால் இவரே முட்டை போட்டிருப்பார். ஆனால் ஆளுக்குச் சந்தோஷம். "மூக்கு ஓரத்தில இருந்து உதட்டுக்கு ஒரு மடிப்பு இறங்குது மச்சான், இன்னைக்குத்தான் பாத்தேன்" என்பார். பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, மடிப்பைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

அந்தப் படங்களில் மகா கேவலமான ஒன்றை, அவருக்குத் தெரியாமல் செல்போனில் எடுத்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸாப் குழுவில் போட்டேன். 'எங்க மாப்பிள்ளை தன் வீட்டுக்காரியை வரைந்திருக்கிறார், பார்த்து ரசியுங்கள்' என்று எழுதினேன். சிரிப்பு பொம்மைகள் வந்து குவிந்தன. கொஞ்ச நேரத்தில் பனவடலிசத்திரத்திலிருந்து வேதமணிச் சித்தப்பா எழுதினார். அவர் நல்ல மனுஷன், வஞ்சகம் தெரியாது.

'ஷீஜாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிட்டா? யாரும் சொல்லவே இல்லையே. பாவம் பிள்ளை, இப்படியா இழுத்திட்டு? ஜெபிக்கிறோம்.'

படபடவென்று படத்தை அழித்தேன். அதற்குள் பார்க்கக் கூடாதவள், ஷீஜா, பார்த்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் கடைக்கு வந்தார். அவர் என் கடைப்படி ஏறுவதே அபூர்வம். வாடிக்கைக்காரர் போகும்வரை ஓரமாக நின்றார்.

"அவ நேத்திலேருந்து கண்ணாடி முன்னாலயே நிக்கா மச்சான். படத்தைப் பத்தி நீங்க என்ன கேலி பண்ணினாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அவ மூஞ்சின்னு சொல்லி நாலு பேருக்குக் காட்டாதீங்க."

"உம்மை யாரு வே அப்படி அசிங்கமா வரையச் சொன்னது?" என்றேன். தப்பு என் மேல் என்று தெரிந்ததால்தான் சத்தம் கூடுதலாக வந்தது. அவர் சரி மச்சான் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிராயிங் மாஸ்டரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பதாவது!

இரண்டு நாள் ஷீஜா அவர் முன்னால் உட்காரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்று நானும் அங்கேதான் இருந்தேன், வாழைப்பழம் கொடுக்கப் போயிருந்தேன். அவர் பென்சிலை நிறுத்தாமல் கேட்டார்.

"ஷீஜா, இடது புருவத்துக்குள்ள ஒரு வெட்டுக் காயம் இருக்கே. முடி மறைச்சுக்கிட்டு இருக்கு. இது எப்ப பட்டது?"

"ஆறு வயசுல. அண்ணன் பம்பரம் விட்டாம்லா, அது தெறிச்சு வந்து ஏறிட்டு. ரத்தம் நிக்கவே இல்ல."

"நான் எங்கட்டி விட்டேன்? வேலியில முள்ளு கிழிச்சது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அப்படி ஒரு தழும்பு அவள் முகத்தில் இருப்பதே தெரியாது. ஷீஜா என்னைப் பார்க்காமல் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். அவர் "அப்படியே இரு, சிரிக்காத" என்றார். சொன்னவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தாள்களையெல்லாம் கட்டிலில் பரப்பியிருந்தார்கள். அறுபது எழுபது இருக்கும். ஷீஜா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். புருவத்தில் அந்த வெட்டு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"இதை நான் வச்சிக்கிடுதேன்" என்றாள்.

"இதுல எங்கட்டி நீ இருக்கே?" என்றேன்.

"உனக்குத் தெரியாதுண்ணே" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் அண்ணன் தங்கச்சி என்று பழகிவிட்டு, கண் தெரியாத ஒருத்தரோடு சேர்ந்து எனக்குத் தெரியாது என்கிறாள்!

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. அன்று கடைக்குச் சரக்கு வந்துவிட்டது, என்னால் போக முடியவில்லை. சரக்கை மறுநாள் இறக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சாயங்காலம் மாஸ்டர் போனில் சொன்னார்: கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், நரம்பை அறுக்கவில்லை, ஆனால் அது நசுங்கிப்போயிருக்கிறது, முகம் இழுத்துக்கொண்டது. ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் திரும்புமா திரும்பாதா என்று தெரியுமாம். நான் போனை வைத்துவிட்டுப் பெயிண்ட் டப்பாக்களை எண்ண ஆரம்பித்தேன். நாலு தடவை எண்ணியும் கணக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் காலை போனேன். ரூமுக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கட்டு ஒன்று தெரிந்தது. அதோடு என் கண் வேறு பக்கம் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லை என்றேன். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்து, இது வேகமாகப் போகிறதே, நர்ஸைக் கூப்பிடவா என்றேன். பேன் சத்தம் போடுகிறது என்றேன். ஜன்னலில் நின்று, ஆஸ்பத்திரிக்குள் இவ்வளவு வண்டிகளை விடலாமா என்று கோபப்பட்டேன். வாய் ஓயாமல் பேசினேன். பேச்சை நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி பூராவும் அங்கேதான் இருந்திருக்கிறார், சட்டை கசங்கிக் கிடந்தது. மடியில் நோட்டு, பென்சிலில் கார்டு. கண் அவள் முகத்திலேயே இருந்தது. இந்த நேரத்திலும் கிறுக்கல் வேண்டியிருக்கிறதா இந்த ஆளுக்கு என்று பற்றிக்கொண்டு வந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணே" என்றாள் ஷீஜா. உதடு சேராததால் சொல் குழறிக்கொண்டு வந்தது. "நீ வந்து அரைமணி நேரம் ஆச்சு. இன்னும் என் மூஞ்சியைப் பாக்கல."

"பாக்காம என்னட்டி? வந்ததும் வராததுமா பாத்தேனே" என்றேன், டிரிப்ஸ் பாட்டிலிடம்.

"அப்பச் சொல்லு. வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கு?"

இது ஒரு கேள்வியா? வலது காதுக்குக் கீழே கட்டி, வலது காதுக்குக் கீழேதான் கத்தி வைத்தார்கள். பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"வலது பக்கம்" என்றேன்.

மாஸ்டர்தான் சொன்னார். பென்சிலை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. குரலில் கோபமும் இல்லை.

"இடது பக்கம், மச்சான். வலது பக்கம் தளந்து கிடக்கு. அதனால நல்ல பக்கம் தன் பக்கமா இழுக்கு."

நான் அப்போதுதான் என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.